தேரடி ஏச்சு
(மன்றத்தின் ஆண்டு விழாவிலே சர்வகலாசாலை மாணவி ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



குருபக்தி என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு மன்றச் செயலாளர் கேட்டபோது நான் சற்றுத் திகைத்துப்போனேன். நான் மிஷன் பாடசாலையிலே படித்தவள். காலையிலே பாடசாலையில் ஆங்கிலக் கீதமும், மாலையிலே வீட்டுச் சுவாமி அறையில் தேவாரமும் பாடி வளர்ந்தவள். குருபக்தியைப் பற்றி விரித்துரைப்பதற்கு வேண்டிய சாஸ்திர ஞானம் என்னிடம் இல்லை. ஆதலினாலே, சாஸ்திரத்தைக் கற்றவர்களுக்கு விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த மூன்று கிழவர்களைப் பற்றிச் சொல்ல எண்ணியிருக்கிறேன். மூவரும் முன்கோபிகள். ஒருவர் சித்திரத்திலே வருபவர். ஒருவர் நல்லூர்த் தேரடியிலே இருந்தவர். மூன்றாமவர் என்னுடைய அம்மப்பா. அவர் இப்பொழுது முன்வரிசையிலே, தம்மை மின்விசிறிக்கு நேர் கீழே இருத்திவிட்டார்களே என்ற கோபத்தோடு வீற்றிருக்கிறார்.

முதலிலே சித்திரக் கிழவர்.

என் தம்பிக்குப் பன்னிரண்டு வயது. வெள்ளவத்தையிலே மாடிவீட்டுப் பிள்ளைகளுக்கு முற்றம் இல்லை; கடற்கரைக்குப் போவதென்றால் ரயில் பாதையைக் கடக்கவேண்டும், அதற்கு அம்மா விடமாட்டா. ஆகவே அவன் சித்திரத் தொடர்கள் பார்க்கிறான். அவற்றுள் ஒன்று ‘அவதார்’ என்பது. நம்முடைய அவதாரம் என்ற சொல்லைத்தான் அமெரிக்கர் எடுத்துத் தங்கள் கதைக்குச் சூட்டியிருக்கின்றனர். 2005ஆம் ஆண்டிலே தொடங்கி 2008ஆம் ஆண்டிலே 61 பகுதிகளோடு முடிந்துபோன தொடர் அது. தம்பி அதை எத்தனையாவது தடவை பார்க்கிறான் என்று எனக்குத் தெரியாது. அவனோடு இருந்து நானும் பார்த்தேன் என்பதைச் சபையிலே ஒப்புக்கொள்ளுகிறேன்.

அந்தக் கதையிலே, நீரைத் தம் கையசைவினாலே ஏவுகின்ற வித்தையிலே வல்ல ஒரு கிழவர் வருகிறார். பெயர் பாக்கு. பெயரைக் கேட்டதும் எங்களுக்குப் பாக்குவெட்டி ஞாபகம் வந்து சிரித்தோம். ஆனால் ஆளைப் பார்த்தபோது பெயர் பொருத்தந்தான் என்று தோன்றிற்று. அவ்வளவு கடினம், அவ்வளவு துவர்ப்பு. வட துருவத்துப் பனி நகரம் ஒன்றிலே அவர் ஆசிரியர். உலகத்தின் மறு கோடியிலிருந்து கட்டாரா என்றொரு சிறுமி அவரிடம் வித்தை பயில வருகிறாள். “எங்கள் ஊரிலே பெண்பிள்ளைகளுக்கு இந்த வித்தை கற்பிப்பதில்லை, வைத்தியம் பயில்வதற்கு வேறிடம் இருக்கிறது, அங்கே போ” என்ற கருத்திலே முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிடுகிறார். அவளுடைய தோழனாகிய ஆங் என்ற சிறுவன் பகலிலே தான் கற்றதை இராக்காலத்திலே அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். கிழவர் அதைக் கண்டுபிடித்து, அவனுக்கும் கற்பிக்க மறுத்துவிடுகிறார். மன்னிப்புக் கேட்கப் போன கட்டாரா, மன்னிப்புக் கேளாமல், “வாரும் வெளியே, பொருதுவோம்” என்று அறைகூவுகிறாள்.

பொருது தோற்கிறாள். தோற்கும்போது அவள் கழுத்திலிருந்த அணி கீழே விழுகிறது. அது அவளுடைய பாட்டி அணிந்திருந்தது. பாக்கு அதை எடுத்துப் பார்த்துக் கலங்கிப்போகிறார். 60 ஆண்டுகளுக்கு முன்னே, தாம் மணம்புரிய இருந்த பெண்ணுக்காகத் தம் கையாலேயே செதுக்கியது அது! அந்தப் பெண் இவர்களுடைய கட்டுப்பாட்டு வழக்கங்களைப் பொறுக்காமல் ஊரைவிட்டே போய்விட்டாள். அவள்தான் கட்டாராவின் பாட்டி. மறுநாள் கட்டாராவும் மாணவர்களோடு வரிசையிலே நிற்கிறாள்.

இந்த இடம் வந்ததும் தம்பி என் பக்கம் திரும்பி, “அக்கா, பார்த்தியளே, அவர் உள்ளுக்கை நல்லவர்” என்றான்.

சபையோரே, அந்த ‘உள்ளுக்கை நல்லவர்’ என்ற சொல் என் மனத்தைவிட்டு அகலவில்லை. கதைகளிலே வருகின்ற கோபக்காரக் கிழவர்கள் எல்லாரும் உள்ளுக்கை நல்லவர்கள்தாம். தேங்காய்க்குச் சிரட்டைபோல அவர்களுக்குக் கோபம். எங்கேயோ ஒரு பழைய துக்கம் இருக்கும். அது வெளிப்பட்டதும் சிரட்டை உடைந்துவிடும். அரை மணித்தியாலத்துக்குள் கிழவர் இளகிவிடுவார். பார்ப்பவர்களுக்கு இனிமையாயிருக்கும். எனக்கும் இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கதையிலே பிழை கிழவருடையது. பெண்பிள்ளைக்குக் கற்பிக்கமாட்டேன் என்றது அவர் குற்றம். அவர் கோபம் ஊர் வழக்கத்தைக் காப்பாற்றுவதற்காக வந்த கோபம். மாணவிதான் ஆசிரியரைத் திருத்தினாள். திருந்தியதுதான் அவருடைய பெருமை.

நம்முடைய புராண இதிகாசங்களிலும் கோபக்கார முனிவர்களுக்குப் பஞ்சமில்லை. பரசுராமரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய தலையைத் தன் மடியிலே தாங்கியிருந்தான் கர்ணன். வண்டு தொடையைத் துளைத்தபோதும், குருவின் நித்திரை கலையக்கூடாதென்று அசையாமல் இருந்தான். இரத்தம் பட்டு விழித்த குரு, இவ்வளவு வேதனையைப் பொறுத்தவன் அந்தணனாக இருக்கமுடியாது, நீ பொய் சொல்லி வித்தை கற்றாய் என்று சாபமிட்டார். கர்ணன் பொய் சொன்னது உண்மை. ஆயினும் அந்தச் சாபத்தை இன்றுவரை என் மனம் ஏற்றுக்கொள்ளவில்லை. பெரியோர்கள் மன்னிக்கவேண்டும்.

என் பாடசாலைக் காலத்திலே ஓர் ஆசிரியை இருந்தா. அடிமட்டத்தாலே விரல் மொழியிலே அடிப்பா. அந்த அடியினாலே நான் கற்றது, வகுப்பிலே கேள்வி கேட்கக்கூடாது என்பது ஒன்றுதான். அதை மறப்பதற்குச் சர்வகலாசாலையிலே எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. ஆகவே, கோபித்தவர்கள் எல்லாரையும் குரு என்று கும்பிட நான் இங்கே வரவில்லை.

இனி நல்லூருக்குப் போவோம்.

யாழ்ப்பாணத்திலே, நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேர்முட்டியடியிலே ஒரு கிழவர் இருந்தார். தமக்குத் தாமே பேசுவார். வருவோர் போவோரை ஏசுவார். கும்பிட வந்தவர்களைத் துரத்துவார். ஊரவர் அவரை விசரர் என்றார்கள். அவரும் அதை மறுக்கவில்லை. அவர்தாம் செல்லப்பா சுவாமிகள். (என் எழுத்துப் பிரதியிலே வெறுமனே ‘செல்லப்பா’ என்று எழுதியிருந்தேன். “எடி பிள்ளை, அவர் உன்ரை வகுப்புக் கூட்டாளியோ?” என்று அம்மப்பா பேனையை வாங்கித் தாமே திருத்திவிட்டார்.) யாழ்ப்பாணத்துப் பெரிய கடைவீதியிலே திரிந்த காரணத்தால் கடையிற் சுவாமி என்று பெயர்பெற்ற ஞானியை இவருடைய குருவாகச் சொல்லுவார்கள். இவர் மடம் கட்டவில்லை. நூல் எழுதவில்லை. பிரசங்கம் செய்யவில்லை. “எப்பவோ முடிந்த காரியம்”, “நாமறியோம்”, “முழுதும் உண்மை”, “ஒரு பொல்லாப்புமில்லை” என்ற நான்கு வாசகங்களே அவர் நமக்கு வைத்துப்போன சொத்து. 1915ஆம் ஆண்டிலே சமாதியடைந்தார்.

இவரிடம் ஏச்சு வாங்க வந்தவர் ஒருவர். அவர் 1872ஆம் ஆண்டு மாவிட்டபுரத்திலே பிறந்து, கொழும்புத்துறையிலே வளர்ந்தவர். சதாசிவன் என்பது பெயர். படித்தது சம்பத்திரிசியார் கல்லூரியிலே. ஆம், சபையோரே, அவரும் மிஷன் பாடசாலை மாணவர்தாம். இந்தச் செய்தியை அறிந்த அன்று எனக்கு உண்டான ஆறுதலைச் சொல்லிமுடியாது. கிளிநொச்சியிலே நீர்ப்பாசனப் பகுதியிலே களஞ்சியப் பொறுப்பாளராக உத்தியோகம் பார்த்தார். 1897ஆம் ஆண்டிலே விவேகானந்த சுவாமிகள் யாழ்ப்பாணம் வந்தபோது அவருடைய சொற்பொழிவைக் கேட்டவர் என்பர். அன்று அவருக்கு வயது 24. இந்தச் சபையிலே உள்ள பலருடைய வயது. உலகத்தையே வியக்கவைத்த நாவன்மையைக் கேட்டுவிட்டு, அவர் திரும்பவும் உத்தியோகத்துக்குத்தான் போனார்.

1905ஆம் ஆண்டளவிலே ஒருநாள் நல்லூர் வீதியாலே போனபோது, தேரடியிலிருந்த கிழவர் “யாரடா நீ” என்று அதட்டினாராம். நல்ல குலத்துப் பிள்ளை, அரசாங்க உத்தியோகம், வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அவரை நடுத்தெருவிலே ‘அடா’ போட்டு ஒரு விசரர் கேட்கிறார். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? நான் என்ன செய்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும். ‘இந்தாளுக்கு என்ன’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பேன். அவரோ நின்றுவிட்டார். ‘நீ யார்’ என்ற கேள்விக்குத் தம்மிடம் மறுமொழி இல்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது போலும். சில வருஷங்களிலே உத்தியோகத்தையும் விட்டுத் தேரடியோடு ஒன்றிப்போனார். அவரையே நாம் யோகர் சுவாமிகள் என்று கும்பிடுகிறோம்.

தேரடிப் படிப்பு எப்படி நடந்தது என்பதற்கு அடியார்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதைகள் பல. கிழவர் அடுப்பு மூட்டிச் சோறும் கறியும் பக்குவமாகச் சமைப்பார். பசியோடு சீடன் பார்த்துக்கொண்டிருப்பார். இறக்கிவைத்து உண்ணும் வேளையிலே பானையை உடைத்துவிட்டு எழுந்து நடப்பாராம். இதற்கு நான் விளக்கம் சொல்லப்போவதில்லை. பசித்திருந்தவருக்கே அதன் பொருள் தெரியும். ஆனால் பாக்குவின் கதையிலே போல இங்கே ஓர் அணி விழவில்லை. பழைய துக்கம் எதுவும் வெளிப்படவில்லை. கிழவர் இளகவும் இல்லை. ‘உள்ளுக்கை நல்லவர்’ என்று தம்பி சொன்ன அந்த வசதியான முடிவு தேரடியிலே கிடைக்கவில்லை.

சீடன் பக்குவமடைந்தபின் என்ன செய்தார்? கூடவே வைத்துப் பெருமைப்பட்டாரா? இரண்டு யானைகளை ஒரு கட்டையிலே கட்டலாகாது என்ற பொருளிலே சொல்லி அனுப்பிவிட்டார் என்பர். இன்னுமொன்று. கிழவர் நோயுற்றுக் குடிசையிலே கிடந்தபோது யோகர் சுவாமிகள் பார்க்கப் போனாராம். படலையடியிலே காலடி கேட்டதும் உள்ளேயிருந்து ஓர் அதட்டல்: யாரது, வெளியே நின்று பார் என்று. கடைசி நாட்களிலே, பெற்ற தாய்க்கும் மேலாக நேசித்த சீடனுக்குக் கிடைத்த உபசாரம் இது. யோகர் சுவாமிகள் படலையைத் திறக்கவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

‘வெளியே நின்று பார்.’ இது ஏச்சா, உபதேசமா? ‘உள்ளே வராதே’ என்று கேட்டால் ஏச்சு. ‘எல்லாவற்றுக்கும் வெளியே நின்று, சாட்சியாய்ப் பார்த்திரு’ என்று கேட்டால் உபதேசம். சொல் ஒன்றுதான். கேட்ட காது எதுவோ அதைப் பொறுத்தது. யோகர் சுவாமிகளுடைய காதை அந்தக் கிழவர் பத்து வருஷம் ஏசியேசிப் பழக்கியிருந்தார்.

இப்பொழுது நான் முன்னே விட்ட கேள்விக்கு வருகிறேன். அடிமட்டத்து ஆசிரியையின் கோபத்துக்கும் தேரடிக் கோபத்துக்கும் என்ன வேற்றுமை? நான் பலநாள் யோசித்துக் கண்டது இது. ஆசிரியை தம் வகுப்பின் அமைதியைக் காப்பாற்றினா. பரசுராமர் தம் விரதத்தைக் காப்பாற்றினார். பாக்கு ஊர் வழக்கத்தைக் காப்பாற்றினார். தேரடிக் கிழவருக்குக் காப்பாற்ற ஒன்றும் இல்லை. நம்மிடமிருந்து அவருக்கு வேண்டியதும் ஒன்றும் இல்லை. காசு வேண்டாம், கும்பிடு வேண்டாம், சீடன்கூட வேண்டாம். அப்படிப்பட்டவர் ஏசினால், ஏச்சு முழுவதும் நமக்கே சேரும். அதிலே அவருக்குப் பங்கில்லை. இன்றைக்குக் கொழும்பிலும் வெளியூர்களிலும் கோபத்தையே ஞானத்தின் அடையாளமாகக் காட்டிக்கொண்டு, பக்கத்திலே உண்டியலும் வைத்திருப்போரைப் பார்க்கிறோம். செல்லப்பா சுவாமிகள் ஏசினார் என்பதற்காக, ஏசுகிறவரெல்லாம் செல்லப்பா சுவாமிகள் ஆகிவிடமாட்டார். முக்கியமாக என் வயதுச் சகோதரிகள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். ஒருவருடைய கோபம் நம்மைச் சின்னவளாக்கி அவரைப் பெரியவராக்குமானால், அங்கேயிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கட்டாராவைப் போலப் பொருதிவிட்டு வந்தாலும் எனக்குச் சம்மதமே.

யோகர் சுவாமிகளும் பின்னாளிலே ஏசுகிறவராகத்தான் இருந்தார். கொழும்புத்துறையிலே முதலில் இலுப்பை மரத்தடியிலும், பின்பு குடிலிலும் இருந்தார். நீதிபதியென்றும் பாராமல், பெரிய உத்தியோகத்தரென்றும் பாராமல் சிலரைப் படலையோடு துரத்துவார். சிலரோடு குழந்தைபோலப் பேசிக்கொண்டிருப்பார். இலங்கையின் மகாதேசாதிபதியாயிருந்த சோல்பரிப் பிரபுவின் மகனே அவரைத் தேடிவந்து சீடராகிச் சந்தசுவாமி என்று பெயர்பெற்றார். யாருக்கு ஏச்சு, யாருக்குத் தேநீர் என்பதை முன்கூட்டிச் சொல்ல ஒருவராலும் முடியாது. ஆகையால் அங்கே போகிறவர்கள் எல்லாரும் வழிநெடுகப் பயந்துகொண்டே போவார்களாம்.

அப்படிப் பயந்துகொண்டு போனவர்களுள் ஒருவர்தாம் என்னுடைய மூன்றாவது கிழவர்.

அம்மப்பா கொழும்புத்துறைக்குப் பக்கத்து ஊரவர். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வுக்குப் பின் வெள்ளவத்தைக்கு வந்தவர். காலையிலே பத்திரிகை பிந்தினால் ஏச்சு. சாம்பாரிலே புளி கூடினால் ஏச்சு. நான் ‘மழை’யை ‘மளை’ என்றால், மிஷன் பாடசாலைக்குச் சேர்த்து ஏச்சு. இந்தப் பேச்சை எழுதிக்கொண்டு போய் வாசித்துக் காட்டியபோது, “இதென்ன பேச்சோ, சந்தைக் கணக்கோ?” என்று முதல் இரண்டு பக்கங்களையும் மடித்துக் கதிரைக்குக் கீழே போட்டுவிட்டார். யோகர் சுவாமிகள் பெயர் வந்த இடத்திலே மட்டும் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு சொன்னார். இதுவரை வீட்டிலே ஒருவருக்கும் சொல்லாதது அது.

1962ஆம் ஆண்டு. அவருக்கு வயது 16. சோதினை வருகிறது. தேறுவேனா என்று சுவாமியைக் கேட்டுவர எண்ணி, வீட்டுக்குச் சொல்லாமல் சைக்கிளிலே போயிருக்கிறார். படலையடியிலே சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றார். உள்ளேயிருந்து ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஏச்சு வாங்கி அழுதாரோ, அன்பினாலே அழுதாரோ, தெரியாது. அம்மப்பா படலையிலே கையை வைத்தபடி நெடுநேரம் நின்றார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இன்னொரு நாள் போகலாம் என்று நினைத்தாராம். 1964ஆம் ஆண்டு பங்குனியிலே சுவாமிகள் சமாதியடைந்துவிட்டார்.

“ஏச்சுக்குப் பயந்தனீங்களோ, அம்மப்பா?” என்று கேட்டேன்.

“ஏச்சுக்கு ஆர் பயந்தது? என்ரை அப்பர் ஏசாத ஏச்சோ?” என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “போனால் நான் ஆர் எண்டு அவருக்குத் தெரிஞ்சுபோம். சோதினைக்கு வந்தவன் எண்டு. அதுக்குத்தான் மோனை பயந்தனான்.”

யோகர் சுவாமிகள் தம் குருவின் படலையிலே நின்று திரும்பியதும், என் அம்மப்பா யோகர் சுவாமிகளின் படலையிலே நின்று திரும்பியதும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஒருவர் உத்தரவு பெற்றுத் திரும்பினார். ஒருவர் உத்தரவு கேளாமலே திரும்பினார். ஆயினும் அறுபது ஆண்டுக்கு மேலாக ஒருவர் ஒரு படலையை மனத்திலே சுமந்துகொண்டிருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சாம்பாருக்கும் பத்திரிகைக்கும் ஏசுகின்ற அந்த வாயை நான் இத்தனை வருஷமும் வேறுவிதமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

“இப்ப அந்தப் படலை முன்னாலை இருந்தால் உள்ளுக்கை போவீங்களோ?” என்று கேட்டேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. கதிரைக்குக் கீழே போட்ட பக்கங்களை எடுத்துத் தரச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து பிழை திருத்தத் தொடங்கினார். இரவு பதினொரு மணிவரை ஏச்சு ஓயவில்லை. இன்று நீங்கள் கேட்ட பேச்சிலே ழகரம் எங்காவது சரியாக விழுந்திருந்தால், அது அந்த ஏச்சினாலே விழுந்தது.

அவர் மின்விசிறியைக் காட்டிக் கையசைக்கிறார். தயவுசெய்து யாராவது அதை நிறுத்திவிடுங்கள்.